தேர்வீதிக் கால்தடம்

மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் கரட்டுப்பேட்டைக் கடைவீதி எப்படி இருக்கும் என்று அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் எழுந்து பல் விளக்கிவிட்டு வருவதற்குள் யாரோ கூட்டியிருப்பார்கள். இத்தனை வருஷமாக அந்த யாரோவில் ஒருத்தியாக இருந்த செல்லியம்மாள், இந்த வருஷம் வீதியின் நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். எச்சில் இலைகள், கரும்புச் சக்கை, உடைந்த வளையல், பொரி சிதறிய காகிதம், ராட்டினக்காரன் போட்டுவிட்டுப் போன மூங்கில் துண்டுகள், ஆட்டு ரத்தம் காய்ந்து கறுத்த மண். போன வருஷம் வரை இதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். இன்றைக்கு என்னவோ கதிர் முற்றி நிற்கிற சோளக்காட்டைப் பார்ப்பதுபோல இருந்தது. எல்லாம் நம்முளுது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த உடனே சிரிப்பும் வந்துவிட்டது. குப்பையைச் சொந்தம் கொண்டாடுகிறவள் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆனால் அது சொந்தம்தான். ஊர் கூட்டுகிற குத்தகை அவள் பேரில் இருந்தது.

அதற்கு முன் அது மருதாசலத்தின் கையில் இருந்தது. குத்தகை முழு ஊருக்கும். கூட்டுவது பெரிய வீடுகள் இருக்கிற தெருக்களை மட்டும். செல்லியம்மாளையும் சேரிப் பெண்கள் மூன்று பேரையும் வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். போன கோடையில் காலரா வந்தது. கூட்டாத தெருக்களில் தொடங்கிய காலராவுக்குத் தெரு வித்தியாசம் தெரியவில்லை. பெரிய வீடுகளிலும் ஏறிவிட்டது. பஞ்சாயத்து போர்டுக்காரர்கள் பயந்துபோய் மருதாசலத்தின் குத்தகையை ரத்து செய்துவிட்டு ஏலம் கூறினார்கள். குப்பைக் குத்தகையைக் கேட்க எந்தக் கௌரவஸ்தன் முன்வருவான்? ஆளுக்கு ஆள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த செல்லியம்மாள், "நான் எடுத்துக்கறனுங்க சாமி" என்றாள்.

உள்ளே சிரித்த சிரிப்பு சந்தைப்பேட்டை வரை கேட்டிருக்கும். சிரிக்காதவர் நெய்மண்டி அன்வர் பாட்சா ஒருவர்தான். "அவ கூட்டுவாளுங்க. நான் ஜாமீன் நிக்கறேன். எங்கடை வாசல்ல நாறுற நாத்தத்துல நெய் வாங்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ராசிபுரத்துக்குப் போயிர்றாங்க" என்றார். போர்டு பிரசிடெண்ட் சென்னிமலை நல்லவர். யாரையும் பகைத்துக்கொள்ளாத நல்லவர். அதனால் பாதி வழி வந்தார். "நோம்பி வரைக்கும் நீ பாரு. நோம்பி முடிஞ்ச மறுநா காத்தால நானே வந்து தெருத்தெருவாப் பாப்பேன். சரியா இருந்துதுன்னா வருசக் குத்தகை உனக்கு. இல்லீன்னா பழையபடி மருதாசலத்துக்கே போயிரும்" என்றார். கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த மையை அவள் வெகுநாள் தேய்த்துக் கழுவவே இல்லை. சாணி அள்ளும்போதுகூட அந்த விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் வேலைக்குச் சேர்த்த ஆட்களைப் பார்த்து மருதாசலத்துக்கு இன்னொரு தடவை சிரிப்பு வந்தது. சுற்றுப்பட்டில் எங்கே பார்த்தாலும் கிணறு வெட்டுகிற காலம் அது. பாறையில் வெடி வைக்கிற வேலையில் கையையும் காலையும் கொடுத்துவிட்டு வந்தவர்களும், ஆளையே கொடுத்துவிட்டு நின்றவர்களும் சேரியில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பண்ணையத்தில் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. சடையனுக்கு வலது கையில் விரல்களே இல்லை. பூவாத்தாளின் புருஷன் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் போனவன், மேலே வரவில்லை. அவள் இரண்டு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "இதுகளை வெச்சா ஊரக் கூட்டப்போறே?" என்றான் மருதாசலம். செல்லியம்மாள் ஈச்சமாற்றைச் சடையனின் முன்னங்கையோடு தேங்காய் நாரால் வரிந்து கட்டினாள். ஒரே வாரத்தில் அவன் கூட்டுகிற வேகத்துக்குக் குப்பைக்கூடை தூக்குகிறவர்கள் ஈடுகொடுக்க முடியவில்லை.

எல்லாருக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள். காற்றுக்கு எதிரே கூட்டக்கூடாது, புழுதி கிளம்பாத அளவுக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டும், சாக்கடையை வழித்த மண்ணை அங்கேயே குவிக்கக்கூடாது. சேரியில் இரண்டு வேளை அடுப்பு எரிகிற வீடுகள் கூடின. பூவாத்தாள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு குடிசை போட்டாள். அதைச் செல்லியம்மாளைக் கூட்டிப்போய்க் காட்டியபோது பூவாத்தாளுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

நோம்பி மறுநாள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். கடைவீதி மோசமாக இருந்ததால் அதைச் செல்லியம்மாள் எடுத்துக்கொண்டாள். கோயில் முன்னால் போகிற தேர்வீதியைப் பூவாத்தாளிடமும் சடையனிடமும் விட்டாள். வண்டியில் கடைசிக் கூடை ஏறும்போது கிழக்கே வெளுத்திருந்தது. பூவாத்தாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, வந்து பாருக்கா. நீயே அசந்துபோவே."

செல்லியம்மாள் போய்ப் பார்த்தாள். அசந்துதான் போனாள். தேர்வீதி இந்த முனையிலிருந்து தேர்நிலை வரை கழுவித் துடைத்த உலைமூடி மாதிரி கிடந்தது. ஒரு பொரி இல்லை, ஒரு நார் இல்லை. தெளித்த தண்ணீரில் மண் பதமாகப் படிந்திருந்தது. அந்த ஈரமண்ணில், வீதியின் நீளத்துக்கும், வரிசை வரிசையாகக் கால்தடங்கள். குதிகாலும் விரல்களும் அச்சாகத் தெரிய, கோயிலைப் பார்த்துப் போகிற தடங்கள். அவள் வீதி ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

தேர்வீதியைப் பின்பக்கமாக நடந்துதான் கூட்டவேண்டும். கூட்டுகிறவர்களின் கால்தடம் அந்த வீதியில் தங்கக்கூடாது. பின்னால் அடி வைத்து அடி வைத்து, வைத்த தடத்தை அந்தந்த இடத்திலேயே அழித்துக்கொண்டு போகவேண்டும். இதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. நடக்கப் பழகியபோதே பின்னால் நடக்கவும் பழகினாள். அவள் ஆத்தா ஒருநாள் இப்படிப் பின்னால் போகும்போது, மாடு கட்ட அடித்திருந்த முளையில் தடுக்கி மல்லாக்க விழுந்தாள். இடுப்பு நழுவியது நழுவியதுதான். சாகும்வரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அந்தச் சாய்ந்த நடையோடேயே பின்பக்கமாகக் கூட்டவும் கூட்டினாள். பூவாத்தாள் காட்டு வேலை செய்து வளர்ந்தவள், சடையன் கிணற்று வேலை. ஊர்த்தெரு வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஈச்சமாறு பிடிப்பது முதல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த செல்லியம்மாள், இதை மட்டும் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? சொல்லவேண்டிய ஒன்று என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏக்கா, நல்லா இல்லையா?" என்றாள் பூவாத்தாள்.

அதற்குள் சவாரி வண்டியின் சலங்கைச் சத்தம் கேட்டது. மருதாசலம் தூங்கியே இருக்கமாட்டான் போலிருக்கிறது. முன்னால் ஓட்டமும் நடையுமாக அவன், பின்னால் ஒற்றைமாட்டு வண்டியில் பிரசிடெண்ட்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா? அம்மன் தேரு வந்த வீதிங்க. தேரு நெலை சேந்து ஒரு பொழுது ஆகலை. அதுக்குள்ள இவளுக மிதிச்சு வெச்சிருக்கறதப் பாருங்க. எங்குத்தகையில என்னைக்காச்சும் இப்படி நடந்துதுங்களா?"

பிரசிடெண்ட் வண்டியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். வீதி சுத்தமாக இருந்ததும் அவருக்குத் தெரிந்தது. மருதாசலம் சும்மா விடமாட்டான் என்பதும் தெரிந்தது. அவர் வழக்கம்போல நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வீதி கண்ணாடியாட்டத்தான் இருக்குது, செல்லி. அதுல ஒரு குத்தமும் இல்லை. ஆனா ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்ல? புது ஆளுக, தெரியாமப் பண்ணிப்போட்டாங்க. நீ ஒருக்கா பின்னால போயி அழிச்சுப்போடு. நான் எதையும் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். மத்தியானமே வருசக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டர்றேன்."

பூவாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் செத்துப்போய், "எங்காலுதான் அக்கா, நானே அழிச்சர்றேன்" என்று குனிந்தாள். செல்லியம்மாள் அவள் கையிலிருந்த சீமாற்றை வாங்கிக்கொண்டாள். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரத்து வேலைதான். அதைச் செய்தால் வருஷம் முழுக்கச் சேரியில் அடுப்பு எரியும். பூவாத்தாளின் புதுக் குடிசையில் குழந்தைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். செய்யாவிட்டால் இவளுக்குத் திரும்பவும் அண்ணியின் முகம், சடையனுக்குத் திரும்பவும் சும்மா இருக்கிற திண்டாட்டம். இதையெல்லாம் அவள் யோசித்து முடிப்பதற்குள் அவள் கால் தானாகவே பின்னால் ஓரடி வைத்துவிட்டது. குதிகாலில் ஏதோ இடித்தது. தேருக்கு முட்டுக்கொடுத்த கட்டையில் ஒன்றை இழுத்துப் போகாமல் விட்டிருந்தார்கள். அவள் அப்படியே நின்றாள். ஆத்தாளின் சாய்ந்த நடை கண்முன்னால் வந்தது.

"எங்களுக்கோசரம் பின்னால போகாதே புள்ள" என்றான் சடையன், மெதுவாக.

செல்லியம்மாள் பிரசிடெண்டை நிமிர்ந்து பார்த்தாள். அவரை அவள் முகத்துக்கு நேரே பார்த்தது அதுதான் முதல்தடவை.  

"சாமி, அன்னைக்கு என்ர கைரேகையை வாங்கிப் பொட்டியில பத்தரமா வெச்சுக்கிட்டீங்க. காலுரேகைய மட்டும் ஏனுங்க அழிக்கச் சொல்றீங்க?"

"வாயப் பாருங்க, வாயப் பாருங்க" என்றான் மருதாசலம்.  இதற்கு நடுவில் ஒரு வழி இருப்பதாகப் பிரசிடெண்டுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டிமாடு வாலைத் தூக்கி, கண்ணாடியாட்டம் கிடந்த வீதியில் சொத்சொத்தென்று சாணி போட்டது.  எல்லாருடைய பார்வையும் அந்தச் சாணியின்மேல் இருந்தது.

குத்தகை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அப்படியென்றால் அந்தச் சாணியும் அவளுடையதுதான். செல்லியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு நேராக நடந்துபோய், சாணியை அள்ளிப் போட்டு, அந்த இடத்தில் புது மண்ணைத் தூவி நிரவினாள். பிறகு திரும்பி வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே விழுந்துகிடந்த இரண்டு வேப்பிலையைக் கூட்டுவதுபோல, சீமாற்றை முன்னால் வீசி, முன்பக்கமாகவே நடந்தாள். சடையன் அவளுக்கு வலப்பக்கம் சேர்ந்துகொண்டான். கொஞ்சம் பொறுத்துப் பூவாத்தாளின் காலடியும் பின்னால் கேட்டது.

பிறந்தது முதல் அவள் கூட்டின வீதி அது. ஆனாலும் அது அவளுக்குப் புதிதாக இருந்தது. இத்தனை காலமும் அந்த வீதி அவளைவிட்டு விலகி விலகிப் போவதைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அது எதிரே வந்தது. முதலில் கோயில் வேம்பு வந்தது. அப்புறம் மதில்சுவரின் காவிப்பட்டை, அதில் உட்கார்ந்திருந்த மைனா. கடைசியில் தேர்நிலையும், நேற்றைய மாலைகள் வாடித் தொங்குகிற தேரும், தேரின் உச்சியில் பட்ட முதல் வெயிலும்.  

பின்னால் வண்டியின் படி கிறீச்சிட்டது. பிரசிடெண்ட் இறங்குகிறார். அவருடைய தோல்செருப்பு ஈரமண்ணில் ஒரு தரம் பதிந்து, நின்று, பிறகு இன்னொரு தரம் பதிகிற சத்தம் கேட்டது. அழிக்கத்தான் வருகிறாரோ, பார்க்கத்தான் வருகிறாரோ. செல்லியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பெருவிரலை மண்ணில் நன்றாக ஊன்றி, அடுத்த அடியை முன்னால் எடுத்து வைத்தாள்.