அவர் அழாத காட்சி

போர்முனைச் செய்தியாளராக இருந்து வேலையை விட்டவர் எழுதிய கதைகளை நாடகமாக்கியிருந்தார்கள். ஒத்திகைக்கு அவரை அவருடைய அக்காதான் வற்புறுத்தி அழைத்து வந்தாள். தூக்கம் கெட்டு எட்டு வருஷமான மனிதர், காலி நாற்காலிகளுக்கு நடுவே களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

மேடையில், குண்டடிபட்டு இறந்த டிரைவரைக் கட்டிக்கொண்டு, அவராக நடித்தவன் கதறி அழுதான்.

"சரியா இருக்கா சார்?" என்று இயக்குநர் கேட்டார்.

"நான் அழலைங்க. சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடினேன். ஓடும்போது அவனுக்கு உயிர் இருந்துச்சு. செய்தியை அனுப்பிட்டு வந்தப்போ இல்ல."

"கதையில அழுததா எழுதியிருக்கீங்களே?"

"எழுதினேன்."

இயக்குநர் தாளைப் புரட்டினார். "இதைப் போட்டா ஜனங்க உங்களை வெறுத்துடுவாங்க சார்."

"அது எனக்குப் பழகிப்போச்சு."

நடிகன் யாரையும் கேட்காமல் மறுபடி நடித்தான். இம்முறை போனை உயர்த்திப் பிடித்தபடி படியேறினான். டிரைவராகத் தரையில் கிடந்தவன், தானாகவே, அவன் பக்கம் கையை நீட்டினான்.

"ஆமா, நீட்டினான்" என்றார் அவர், மெல்ல.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கேட்டாள்: "இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எப்பவும் 'சாப்பிட்டியா'ன்னுதானே கேட்டே."

பஸ் வந்ததும் அவர் கையைப் பிடித்து ஏற்றினாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவர் அவள் தோளில் தூங்கிப்போனார். இறங்க வேண்டிய இடம் வந்தும் அவள் எழுப்பவில்லை.