மஞ்சளாக விட்ட கட்டங்கள்

எங்கள் மருத்துவமனையின் பதிவு அறையில் வேகம் என்றால் நான்தான். போன வருஷம் வந்து சேர்ந்தவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்ததும் நான்தான். ஒரு கோப்பைத் திறந்தால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் மூடுவாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆபரேஷனுக்கு முந்தைய படிவங்கள் எல்லாம் ஆன்லைன் ஆவணங்களாக மாறவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர், வயது, வார்டு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று அடைப்புக்குறிக்குள் சொற்கள் இடம்பிடித்து நிற்கும். அவற்றை எடுத்துவிட்டு அந்தந்த நோயாளியின் விவரத்தைப் போடவேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கையால் செய்தால் விரல் தேய்ந்துவிடும். நிதானம் ஒரு ஏஐ ஏஜென்ட்டை ஏற்பாடு செய்தாள். பழைய பதிவேட்டைப் படித்து, ஆவணங்களைத் தானே திறந்து நிரப்புகிற மென்பொருள் அது. செய்யவேண்டியதைச் சாதாரணத் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்.

சண்டை வந்தது ஒரு கோட்டினால். எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை என்று நோயாளி சொன்னால் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதவேண்டும். இன்னும் கேட்கவில்லை என்றால் ஒரு சின்னக் கோடு. இது எங்கள் முறை. அவசரத்தில் நான் இரண்டுக்கும் கோடுதான் இழுப்பேன். ஆகவே கோட்டைப் பார்த்தால் 'இல்லை' என்று நிரப்பச் சொல் என்றேன். நிதானம் மசியவில்லை. கோடு இருந்தால் ஊகித்து எழுதாதே, மஞ்சள் பூசி எங்களிடம் விட்டுவிடு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. பத்தொன்பது கட்டங்கள் மட்டும் மஞ்சளாக நின்றன. பத்தொன்பதும் நான் எழுதியவை. இவர்களிடம் கேட்டதாகப் பதிவு இல்லை என்று கீழே ஒரு குறிப்பு வேறு. போயும் போயும் ஒரு மென்பொருள் என் வேலையில் குறை சொல்வதா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவரையாகப் போனில் பிடித்தேன். பதினெட்டுப் பேரும் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு நிதானத்தை முறைத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

பத்தொன்பதாவது என் அண்ணி. பித்தப்பையில் கல். மறுநாள் காலை ஆபரேஷன் என்று மூன்றாவது மாடியில் சேர்த்திருந்தோம். அவர் விவரத்தை நானே என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்டவள், வீட்டு மனுஷிதானே என்று அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் 'இல்லை' என்று தட்டப்போனேன்.

"கேட்டீங்களாக்கா?" என்றாள் நிதானம்.

"எங்க அண்ணியப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"மாடி ஏறினா அஞ்சு நிமிஷம். ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

அவள் வாயை அடைப்பதற்காகவே போனேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் சீப்பு நின்றது.

"ஒரு தடவை காய்ச்சலுக்கு ஊசி போட்டு, மூஞ்செல்லாம் வீங்கி மூச்சு விட முடியாமப் போச்சும்மா. மருந்துப் பேரை எழுதிக் கொடுத்தாங்க. பர்ஸ்ல இருக்கு."

"எப்ப அண்ணி? எனக்குத் தெரியவே தெரியாதே."

"உனக்குப் பொண்ணு பிறந்தப்ப. பச்ச உடம்புக்காரி, பயந்துடுவேன்னு உங்க அண்ணன வாயைத் திறக்க விடல."

குழந்தை பிறந்து மூன்று நாள் வரை அண்ணி எட்டிப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளைப் பன்னிரண்டு வருஷமாக நான் மனசில் வைத்திருந்தேன். உன் பெண்டாட்டிக்கு என் பிள்ளை என்றால் இளப்பம் என்று அண்ணனிடம் குத்திக் காட்டியிருக்கிறேன். அவன் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

பர்ஸிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். காலையில் போடுவதற்காகக் கட்டிலில் தொங்கிய அட்டையில் குறித்து வைத்திருந்த ஊசியின் பெயர் அதில் இருந்தது. நர்ஸிடம் ஓடினேன். அவர் டாக்டரைக் கூப்பிட்டு, என் கண்ணெதிரே மருந்தை மாற்றி எழுத வைத்தார்.

கீழே வந்து நிதானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதுகொண்டே சொன்னேன் என்பது மட்டும் தெரியும். வாழ்நாள் முழுக்க அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் மஞ்சள் கட்டத்தில் மருந்தின் பெயரை அடிக்கச் சொல்லி, எழுத்தெழுத்தாகச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அந்த நிதானம் எனக்குப் போதவில்லை; இன்னொரு தடவை பார் என்றேன்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு அண்ணியை வெளியே கொண்டுவந்தார்கள். முகம் வீங்கவில்லை, மூச்சு சீராக இருந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் காதருகே குனிந்து, "மன்னிச்சுடுங்க அண்ணி" என்றேன்.

"நீ என்ன பண்ண, மன்னிக்கிறதுக்கு?" என்றார்.

நான் குத்திக் காட்டியதில் ஒரு வார்த்தையைக்கூடப் பன்னிரண்டு வருஷமும் அண்ணன் அவர் காதில் போட்டிருக்கவில்லை.