சுவரில் ஏறிய கால்கள்

வெயில் ஏறுமுன்பே தங்கச்சிமடத்துக் கருவாட்டுக் கிட்டங்கியில் பெண்கள் இடுப்புயரச் சிமெண்டு மேடையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சீலா மீனின் வயிற்றைக் கீறி, குடலை வழித்து, உப்பைத் திணித்துத் தொட்டியில் அடுக்க வேண்டும். மீன் தீரும்வரை யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கை தூங்கிவிடும் என்பது மேஸ்திரி தங்கசாமியின் சட்டம்.

யாகப்பம்மாள் ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றி மாற்றி நின்றாள். நாலு பிள்ளை பெற்று, கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த மேடையில் நிற்கிறவள். இடது கெண்டைக்காலில் மண்புழு சுருண்டதுபோல நீல நரம்புகள் புடைத்திருந்தன. அவை தொடைக்கு ஏறாமலிருக்க முட்டிக்குக் கீழே வலைக்கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். அந்தக் கரையில் எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. ஆனாலும் முந்தாநாள் அவள் நொண்டியதைத் தங்கசாமி பார்த்துவிட்டான். "இன்னொரு வாட்டி நொண்டினா உன் எடத்துல வேற ஆளு" என்று சொல்லியிருந்தான்.

கஞ்சி நேரத்தில் அவளுடைய அண்ணன் மகள் லீமாரோஸ் குழம்புக்கு மீன்தலை வாங்க வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்சு. கயிற்றைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா அத்தை இது, ஆட்டக் கட்டுன மாதிரி?"

"நரம்பு ஏறுதுல்லடி. உங்க மாமா போட்ட முடிச்சு. சுறாவே அறுத்துக்கிட்டுப் போகாது."

லீமாரோஸ் மீன் கத்தியை வாங்கி அறுத்துப் போட்டாள். கயிறு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது.

"மாமா கடல்ல வைக்கிற மீன் கூட்டுக்குள்ள போன மீன் ஏன் திரும்பி வர மாட்டேங்குது?"

"வாய் உள்பக்கமாக் குவிஞ்சிருக்குல்ல."

"அதே கதைதான் இங்கனயும். கால்ல எறங்குன ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பணும். அது போற குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. மேல விடும், கீழ விடாது. நடக்கையில கெண்டைச்சதை பிழிஞ்சு மேல தள்ளும். அசையாம நின்னா யாரு தள்ளுவா? ரத்தம் தேங்கும், குழாய் விரியும், கதவு சேராமப் போயிரும். அதுதான் புடைச்சுத் தெரியுது. நீ கயித்தக் கட்டிப் போற வழியவும் அடைச்சிட்டே."

பக்கத்திலிருந்த உலகம்மாள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். "எனக்குக் கையெல்லாம் நரம்பு தெரியுதேடி!"

"உழைச்ச கை, பெரியம்மா. தோலு மெல்லிசு, அடியில கொழுப்பில்ல. அது ஒண்ணும் செய்யாது."

"கொழுப்பெல்லாம் அவளுக்கு வாயிலயில்ல இருக்கு" என்றாள் யாகப்பம்மாள். மேடையே சிரித்தது.

"புடைச்சது பழையபடி ஆகாது, அத்தை. முத்தாமப் பாத்துக்கலாம். நிக்கிற எடத்துலயே குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கு. கஞ்சி குடிச்சிட்டு, காலை நெஞ்சுக்கு மேல ஒசத்தி வச்சுப் படு. உக்காந்து அறுக்கப் பலகை கேளு."

பலகை கேட்டதற்கு, "நாளைக்குத் தலகாணி கேப்பீக" என்றான் தங்கசாமி. மற்ற இரண்டுக்கும் அவனிடம் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் யாகப்பம்மாளின் குதிகால் ஏறி இறங்கியது. அடுத்து உலகம்மாள். பிறகு மேடை முழுக்க ஏறி இறங்கியது.

"ஏ, இங்கன என்ன கரகாட்டமா நடக்குது?"

"கத்தி நிக்கலயே மேஸ்திரி, காலுதான ஆடுது" என்றாள் உலகம்மாள்.

கஞ்சி குடித்ததும் கிட்டங்கியின் நிழலில் எல்லோரும் மணலில் மல்லாந்து, சேலையை முட்டியில் செருகிக்கொண்டு, கால்களைச் சுவரில் ஏற்றிப் படுத்தார்கள். "சாமிக்கு நேந்த கோழிக மாதிரி கெடக்கோம்" என்று யாரோ சொல்ல, வயிறு குலுங்கியதில் கால்கள் சரிந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகையில் யாகப்பம்மாள் நொண்டவில்லை. வீக்கமும் வடிந்திருந்தது. தங்கசாமி அவள் நடையை உற்றுப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தான்.

முதலாளி வரப்போவதாகத் திங்கட்கிழமை செய்தி வந்தது. அன்றுதான் தங்கசாமி பின்பக்கம் போய்ப் பார்த்தான். வெள்ளைச் சுவரில் ஆளுயரத்துக்குக் கீழே வரிசையாகக் குதிகால் அச்சுகள்.

"சுவத்தப் பாழாக்குனவுகதான் வெள்ளையடிக்கணும். வேலை நேரத்துல இல்ல, கஞ்சி நேரத்துல!"

கஞ்சியை அவசரமாகக் குடித்துவிட்டுப் பெண்கள் தாழை மட்டையும் சுண்ணாம்புச் சட்டியுமாகச் சுவரோரம் நின்றார்கள். கை மேலே போகும்போதெல்லாம் குதிகாலும் எழும்பியது. "இது எந்தக் காலு? ஒன்னுதா, என்னுதா?" என்று கேட்டுக் கேட்டு அழித்தார்கள். சுண்ணாம்பு காயக் காய, மீன் எண்ணெய் ஊறிய குதிகால்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாய் வெளியே வந்தன. இரண்டாவது பூச்சுக்கு யாகப்பம்மாள் மட்டையைச் சட்டியில் முக்கி எடுத்தாள்.