நான்காவது மணி நேரம்

ஒரு மனிதனின் இரத்தத்தை ஒரு முறை கழுவ விலை: நாற்பது குழாய். ரொக்கம் கொடுப்பவர்களுக்கு வேறு விலை, குழாய் கழுவும் அவளுக்கு இதுதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எட்டுக் கட்டில் போட்ட அந்த மையத்தில், மற்றவர்களின் வடிகட்டிக் குழாய் நாற்பதை அவள் கழுவினால், அவள் புருஷனுக்கு ஒரு தடவை கட்டில் கிடைக்கும். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாமே என்றால், அடுத்த கடையே கிடையாது.

விடியுமுன்னே தொட்டிமேல் குனிந்துவிடுவாள். அமில நெடி கண்ணைக் கரிக்கும். உறைந்த இரத்தத்தை நீர் பீய்ச்சித் துரத்தி, அதே ஆளுக்கு மறுபடி போட, பெயர்ச்சீட்டு பார்த்து அடுக்க வேண்டும். சீட்டு மாறினால் உயிர் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு முன் முதலாளி இயந்திரக் கம்பெனி செலவில் வெளிநாடு போய் வந்தார். வந்ததும் ஒரு தடவைக்கான நாலு மணி நேரத்தை மூன்றாக வெட்டினார். கட்டணத்தில் மட்டும் கத்தி படவில்லை.

"அந்த நாட்டுல குழாய ஒரு தடவ போட்டுட்டுத் தூக்கி எறிஞ்சிடறாங்க. எல்லாம் அரசாங்கக் காசு" என்றார்.

"அங்க எத்தன மணி நேரம் முதலாளி?" என்று கேட்டாள்.

"நாலு. சிலருக்கு அஞ்சு."

"அப்ப என்னதான் கத்துக்கிட்டு வந்தீங்க?"

"வாயக் கழுவாத. குழாயக் கழுவு."

ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. மூன்றாம் கட்டில் தையல்காரர் மூன்று முறை அரைகுறையாக எழுந்து போனார். நாலாவது முறை வரவில்லை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம். கழுவித் தயாராக இருந்த அவர் குழாயை அவள்தான் குப்பையில் போட்டாள். அன்றுதான் நோயாளிகளும் நர்சும் அவளும் கூடிப் பேசினார்கள்.

இன்று தையல்காரர் கட்டிலில் புது ஆள். மூன்று மணி நேரம் முடிந்ததும் முதலாளி கைதட்டினார். யாரும் அசையவில்லை. எல்லோரும் எழுந்து நின்று போராடுவார்கள். இவர்கள் படுத்துக்கொண்டு போராடினார்கள்.

"ஊசிய எடும்மா!"

நர்ஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே எடுங்க சார். பாத்து, குழாயில ஒரு டம்ளர் ரத்தம் நிக்குது."

முதலாளியின் முகம் வெளுத்தது. இத்தனை வருஷமாக இரத்தத்தில் வியாபாரம். பார்த்தால் மயக்கம் வரும். குழாய் கழுவுகிறவளிடம் திரும்பினார்.

"உன் புருஷன் படுத்திருக்கிறது என் தயவுல. மறந்துடுச்சா?"

அவள் ஆறாம் கட்டிலைப் பார்த்தாள். புருஷன் கண்ணை மூடி, சரியென்று தலையை மட்டும் ஆட்டினான்.

"இனிமே ஒரு குழாய்கூடக் கழுவல முதலாளி. புதுசு வாங்கிப் போடுங்க, அந்த நாட்டுல மாதிரி."

அவர் கதவைத் திறந்துவிட்டார். வெளியே அடுத்த எட்டுப் பேர், வீங்கிய கால்களோடு.

"பாருங்க, உங்க நேரத்த இவங்க திங்கிறாங்க!"

அங்கேதான் அவள் பயந்தாள். மூச்சுத் திணறுகிறவனிடம் பொறுமையைக் கடன் கேட்க முடியுமா?

வெளியே இருந்தவர்களில் பஸ் ஓட்டுநர் ஒருவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "அவங்களுக்கு நாலு முடியட்டும். எங்களுக்கும் நாலு ஓட்டணும். அதுவரைக்கும் உக்காந்திருக்கோம்." மூச்சு வாங்க உட்கார்ந்தார். மற்ற ஏழு பேரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

நாலாவது மணி நேரம் முடிந்தபின் நர்ஸ் ஊசிகளை எடுத்தாள். நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்குக் கட்டில், யாருக்கும் தெரியாது. குழாய் கழுவுகிறவள் ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினாள்:

இன்று வாங்கியது: எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒன்று, எட்டு மணி நேரம்.
பாக்கி: ஏழு பேருக்கு ஆளுக்கு நாலு, இருபத்தெட்டு.
தையல்காரருக்கு: மூன்று.