உட்கார ஓர் ஆள்

மாடிப்படியின் உச்சியில் நாற்காலி தயாராக நின்றது. அதில் உட்காரத்தான் ஆள் இல்லை.

நோயாளியைத் தூக்காமலே படி வழியாக இறக்குகிற நாற்காலி அது. அடியில் இருந்த இரண்டு ரப்பர் பட்டைகள் படி விளிம்புகளைப் பற்றியபடி இறங்கும். பின்னால் நிற்பவர் பிரேக்கைப் பிடித்து வேகத்தை அடக்க வேண்டும். லிஃப்ட் அடிக்கடி படுத்துவிடும் இந்தச் சின்ன மருத்துவமனையை மனதில் வைத்துத்தான் பட்டறைக்காரியின் தம்பி மனைவி அதைச் செய்திருந்தாள்.

பட்டறையில் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்வார்கள். பின்பக்கத்து மூலையையும் கழித்துப்போட்ட இரும்பையும் கொடுத்து, "என் வேலை கெடாம என்னமோ பண்ணிக்கோ" என்று சொன்னதோடு பட்டறைக்காரி ஒதுங்கிக்கொண்டிருந்தாள். இன்று வந்ததுகூட வண்டி ஓட்டத்தான். ஏதாவது ஏடாகூடமானால் பட்டறை பேர் நாறிவிடும் என்று தம்பி வரவே மறுத்துவிட்டான்.

மணல் மூட்டையை வைத்து ஒருமுறை இறக்கிக் காட்டியாயிற்று. கீழே போய்ச் சேர்ந்தது, ஆனால் பாதி வழியில் நாற்காலி நடுங்கியது. உட்காருவதாக ஒப்புக்கொண்டிருந்த வார்டு ஊழியர் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு சார்."

மருத்துவமனை மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "மூட்டைக்கு வலிக்காதும்மா. மனுஷன் உட்கார்ந்து நான் பார்க்கணும். இல்லன்னா எடுத்துட்டுப் போயிடுங்க."

"நானே உட்காருவேன் சார். ஆனா பிரேக் பிடிக்க வேற யாருக்கும் தெரியாது." தம்பி மனைவி கையில் ஸ்பானரை எடுத்தாள்.

அவள் பட்டறைக்காரியின் பக்கம் திரும்பவே இல்லை. இறுகியிருந்த போல்ட்டையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் பட்டறைக்காரி முடியாது என்று சொல்லியிருப்பாள். உயரம் என்றால் அவளுக்குப் பயம், ஏணியில் நாலு படிக்கு மேல் ஏறமாட்டாள். போதாததற்கு, அந்த மூட்டையைவிட அவள் கனம்.

"தள்ளிக்கோ," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

"வேணாம் அக்கா."

"பெல்ட்டை மாட்டு. மனசு மாறிடப்போகுது."

நாற்காலி முன்பக்கம் சரிந்தது. காலடியில் படிகள் கிணறுபோல இறங்கின. பட்டைகள் கரகரவென்று ஒவ்வொரு விளிம்பாகப் பிடித்தன. பட்டறைக்காரி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூட்டை நடுங்கிய அதே இடம் வந்தது. இடது பக்கம் வழுக்கியது. நாற்காலி ஒரு படி தாண்டி விழுந்து, கோணலாகச் சுவரில் இடித்து நின்றது. மேலே யாரோ "ஐயோ" என்றார்கள்.

பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி தம்பி மனைவி கெஞ்சினாள். "இறங்கிடுங்க அக்கா. போதும், நான் தோத்துட்டேன்."

"இறங்குறதா? சும்மா இரு." பட்டறைக்காரிக்குப் பல் கிட்டியது. இருந்தும் இரும்போடு பழகிய காது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. "வலது பட்டை இறுக்கமா ஓடுது, இடது தொளதொளன்னு இருக்கு. காதுல விழலையா உனக்கு?"

தம்பி மனைவி ஒரு கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துழாவி இடது பட்டையை இறுக்கினாள். அதுவரை பட்டறைக்காரி கீழே பார்க்காமல் சுவரில் ஒரு விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதிப் படிகளில் நாற்காலி நேராக இறங்கியது.

மேலாளர் கீழே வந்து பட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்கு வாங்க மாட்டேன். அந்த இடது பக்கத்தைச் சரி பண்ணிக் கொண்டுவாங்க. அப்போ நானே உட்காருறேன்."

வண்டியில் ஏறியதும் பட்டறைக்காரி சாவியைப் போட்டாள். அதைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா அக்கா?"

"பின்ன? உசுரே போயிடுச்சு." சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள். "நாளையிலேருந்து பெரிய மேஜையை எடுத்துக்கோ. மூலையில உட்கார்ந்து செஞ்சா இப்படித்தான் கோணும். வெல்டரையும் கூட வெச்சுக்கோ."

"கதவுக்குச் சொன்னவங்க கத்துவாங்களே."

"கத்தட்டும். நான் பேசிக்கறேன்."

அடுத்த முறை மேலாளர் சொன்னபடியே உட்கார்ந்தார். கீழே வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மாடிக்கு ஒன்றாக வேண்டும் என்றார்.