கரையில் மட்டும் வழி காட்டும் பெட்டி

நோபேட் அண்ணை அதே ஜி.பி.எஸ் பெட்டியோடு மூன்றாம் முறையாகக் கடைக்குள் வந்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

கொட்டாஞ்சேனையில் என் கடை. மீன்பிடிப் படகுகளின் ஜி.பி.எஸ், ரேடியோ, மீன் காட்டும் கருவி எல்லாம் திருத்துவேன். ஒரே பொருள் ஒரே மாதத்தில் மூன்று தடவை திரும்பி வந்தால் பொருளை யாரும் குறை சொல்வதில்லை. மேனுகாவுக்கு வேலை தெரியாது என்றுதான் கதை பரவும். அந்த மேனுகா நான்தான்.

"மிஸ், கரையில நல்லாத்தான் இருக்கு. கடலுக்குப் போனா இதுக்குப் பைத்தியம் பிடிக்குது" என்றார்.

"அப்ப கரையில வச்சே மீன் பிடியுங்கோ, அண்ணை."

அவர் சிரித்தார். நோபேட் அண்ணைக்குக் கோபமே வராது. நாம் அவர் காலை மிதித்தாலும் நமக்கு நொந்துவிட்டதோ என்று கேட்கிற ஆள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

முதல் தடவை வந்தபோது சற்றலைட் சிக்னல் பிடிக்கிற ஏரியலின் வயர் முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டித் துடைத்துக் கொடுத்தேன். இரண்டாம் தடவை வயரையே மாற்றி, ஹெந்தளைக் கடற்கரைக்குப் போய், மணலில் ஏற்றியிருந்த அவருடைய சின்ன ஃபைபர் போட்டில் நானே பூட்டினேன். என்ஜினை ஓடவிட்டும் பார்த்தேன். திரையில் பதினொரு சற்றலைட், எல்லாம் பளிச்சென்று வந்தன. "இந்த பற்றரியில வேறை ஏதும் பூட்டுறனீங்களோ?" என்று கேட்டதற்கு, ஒரு காகத்தைப் பார்த்துக்கொண்டு "இல்ல மிஸ்" என்றிருந்தார்.

இந்தத் தடவை அவருடன் மனைவி றோஸி அக்காவும் வந்திருந்தார். கைப்பையை என் மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மிஸ், ரெண்டு கிழமைக்கு முன்ன மழைப் புகார் மூடி ஒன்டும் தெரியாத நேரம் இந்தப் பெட்டி வேலை செய்யல்ல. விடிய வர வேண்டிய மனுசன் பகல் ஒரு மணிக்கு நீர்கொழும்புப் பக்கம் கரை ஏறினார். நான் அது வரைக்கும் கடற்கரையில நின்டேன். இனி என்னால ஏலாது. கிருலப்பனையில இருக்கிற என்ட கூடப் பிறந்த நாநா இவருக்கு வெள்ளவத்தையில ஒரு பெரிய துணிக்கடையில செக்யூரிட்டி வேலை எடுத்து வச்சிருக்கார். திங்கட்கிழமைக்குள்ள இது சரி வந்தா கடல். இல்லாட்டி வெள்ளவத்தை."

நோபேட் அண்ணை அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் இருப்பதே வெள்ளவத்தையில். அந்தக் கடை வாசலில் அவர் தொப்பியோடு நின்று எனக்குக் கதவு திறந்துவிடுவதை நினைத்துப் பார்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை.

"பின்னேரம் நானும் உங்களோட கடலுக்கு வாறன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பதினான்கு வருடமாகக் கடல் கருவிகள் திருத்துகிறேன். நான் கடலில் இறங்கிய ஆழம் முழங்கால் மட்டும்தான்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். முதல் அலையில் என் மதியச் சாப்பாடு தொண்டைக்கு வந்தது. இரண்டாவது அலையில் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அலை உடையும் இடம் தாண்டியதும் நோபேட் அண்ணை என்ஜினை மெதுவாக்கி, காலடியிலிருந்த பையைத் திறந்து, ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியை எடுத்தார். உள்ளே கொச்சிக்கடைக் கோயிலடியில் வாங்கிய புனித அந்தோனியார் சொரூபம். சுற்றிவர நீலப் பட்டி விளக்கு. அதை ஏரியலுக்குப் பக்கத்தில் வைத்து, சிலுவை அடையாளம் போட்டு, வயரை பற்றரியில் செருகினார். அந்தோனியார் நீலமாக ஒளிர்ந்தார்.

"இது கரையில இருக்கேல்லையே, அண்ணை?"

"கரைக்கு வந்தா வீட்டுக்குக் கொண்டு போயிருவேன், மிஸ். அந்தோனியாரை மணலில தனிய விடக்கூடாது என்டு றோஸி சொல்லியிருக்கு."

சற்று நேரத்தில் திரையில் சற்றலைட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எட்டு, ஐந்து, இரண்டு, பிறகு ஒன்றும் இல்லை. பெட்டி திரும்ப இடம் காட்டியபோது திரையிலிருந்த எங்கள் போட், நகருக்குள் இருக்கிற தெமட்டகொடை ரயில் தண்டவாளத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. நான்கு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி நாங்கள் ரயில் பாதையில் மிதந்தோம்.

வேலை என்று வந்ததும் எனக்கு வாந்தி மறந்துவிட்டது. என்ஜினை நிறுத்தச் சொன்னேன். மாற்றமில்லை. மீன் காட்டும் கருவியை நிறுத்தினேன், கைபேசிகளை அணைத்தேன். அப்போதும் தெமட்டகொடைதான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. விளக்கு வயரைக் கழற்றக் கை நீட்டினேன்.

நோபேட் அண்ணை சட்டென்று குறுக்கே கையை வைத்தார். "மிஸ், அதில கை வைக்க வேணாம். போன வருசம் போட் கவிழ்ந்து நான் தப்பி வந்த நாள் றோஸி வச்ச நேர்த்திக்கடன். நான் கரையை விட்டதிலிருந்து திரும்பி வரும் மட்டும் இது அணையக்கூடாது."

சரி, அந்தோனியாரை அசைக்கவேண்டாம். இரும்புத் தகட்டில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஏரியலைக் கழற்றிக்கொண்டு, போட்டின் முன்முனைக்கு நாலு காலில் தவழ்ந்து போனேன். வயர் போகிற அளவுக்கு விலக்கிப் பிடித்தேன். ஆறு சற்றலைட் வந்தன. பின்னால் கொண்டுவந்தேன், எல்லாம் போயின. மலிவான அந்த நீலப் பட்டிக்குள் கரண்ட்டை மாற்றுகிற ஒரு துண்டு இருக்கிறது. அது போடுகிற இரைச்சல் நம் காதுக்குக் கேட்காது. சற்றலைட்டின் குரலோ மிகவும் மெல்லியது. திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் இரகசியம் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

"கண்டுபிடிச்சிட்டன் அண்ணை! லைட்தான்!" என்று கத்தினேன்.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும், மிஸ்" என்றார். "ஒரு மாசமாத் தெரியும். ஒரு நாள் அலை அடிச்சு வயர் கழன்டுது. பெட்டி சரியா வந்துது. திரும்பப் பூட்டினேன், பெட்டி போயிட்டுது."

"அந்த மழைப் புகாருக்குள்ள நிண்டபோதும் தெரியுமோ?"

"தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏரியலைக் கடலில் எறிந்திருப்பேன், நானே மாற்றிய வயர் என்பதால் எறியவில்லை. "உங்களுக்கு விசரோ அண்ணை? என்னை மூண்டு தரம் அலைக்கழிச்சு, நீர்கொழும்பில கரை ஏறி, இப்ப துணிக்கடை வாசலில நிக்கவும் சம்மதிச்சு! றோஸி அக்காவிட்டை ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?"

"எப்பிடி மிஸ் சொல்றது? நான் பத்திரமா வர வேணும் என்டு அவள் வச்ச லைட். அதால்தான் நான் வழி தவறினேன் என்டு சொன்னா, தன்ட நேர்த்தியை அந்தோனியார் ஏற்கல்ல என்டு நினைச்சு உடைஞ்சு போயிருவாள். நீங்க வேற ஏதும் பழுதைக் கண்டுபிடிச்சு, ரெண்டையும் ஒன்டா வேலை செய்ய வைப்பீங்க என்டுதான் திரும்பத் திரும்ப வந்தேன்."

என் ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று நினைத்தேன். கண் கலங்கியது. உப்புத் தண்ணீர் தெறித்த மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

"அதையும் செய்யலாம் அண்ணை. கரைக்கு விடுங்கோ."

கரை ஏறியதும் வத்தளைக்கு ஓடி, மோட்டார் சாமான் கடையில் ஒரு பழைய காலத்து பார்க்கிங் பல்ப் வாங்கிவந்தேன். உள்ளே வெறும் இழை மட்டுமே, இரைச்சல் போட அதில் ஒன்றுமில்லை. நீலப் பட்டியைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினேன். ஏரியலுக்குப் பக்கத்திலேயே வைத்து எரியவிட்டேன். பதினொரு சற்றலைட்டும் அசையாமல் நின்றன.

"பல்ப் எரிஞ்சு போச்சுது, மாத்தினது என்டு மட்டும் சொல்லுங்க மிஸ்" என்று நோபேட் அண்ணை கெஞ்சினார்.

இரவுச் சாப்பாட்டுப் பொதியோடு றோஸி அக்கா மணலில் இறங்கி வந்தார். மஞ்சள் அந்தோனியாரைப் பார்த்தார். "நீலம் எங்க?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். றோஸி அக்கா என் காதைத்தான் பார்த்தார். முழுவதையும் சொல்லிவிட்டேன், அந்த ஒரு மாதத்தையும் சேர்த்து.

நோபேட் அண்ணை தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளக்கு எரிய வேணும் என்டுதான் நான் நேர்ந்தேன்" என்றார் றோஸி அக்கா. "நீலமா எரிய வேணும் என்டு நேரல்ல. முந்தின லைட் பழுதாகி போன மாசம் புதுசு வாங்கும்போது, நீலம் வடிவு என்டு புறக்கோட்டையில வித்தவன்தான் சொன்னான். அந்தோனியார் ஒன்டும் கேக்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, கணவர் பக்கம் திரும்பினார்.

"என்ட மனசு நோகும் என்டு வாயை மூடிக்கொண்டு இருந்தீங்களா? நீங்க வராத அன்டைக்கு இந்த மணலில நின்டேனே, அப்ப என்ட மனசு என்ன பாடு பட்டிருக்கும்?" தன் தோளில் கிடந்த துவாயால் கணவர் முதுகில் ஓர் அடி போட்டார். பிறகு அதே துவாயால் தன் முகத்தைத் துடைத்தார். "இன்னும் என்ன என்ன மறைச்சு வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லுங்க."

நோபேட் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கருவியின் திருகுகளை மிகவும் கவனமாக முறுக்கினேன்.

"எனக்கு அந்த வெள்ளவத்தை வேலைக்குப் போக விருப்பம் இல்ல, றோஸி" என்றார். "முதல் நாளே விருப்பம் இல்ல."

றோஸி அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அது எனக்குத் தெரியும். நீங்க வாயைத் திறந்து சொல்லுவீங்களா என்டுதான் ரெண்டு கிழமையா நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்."

சாப்பாட்டுப் பொதியை அவர் கையில் திணித்தார். "கடலுக்குப் போங்க, பொழுது படுது. நாநாவுக்கு நான் சொல்லிக்கொள்றேன்."