பத்துக்குப் பத்து

பாம்புக்காதுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஜெயித்த மனிதர் இன்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? இவரோ மனைவியிடம் இரண்டு முறை காபி கேட்டு, இரண்டையும் ஆறவிட்டு, கூடத்தை அளந்துகொண்டிருந்தார்.

ஒலிப்பதிவு நிலையத்தில் இருபது வருடமாகப் பாடல்களுக்குக் கடைசி மெருகு போடுகிறவர். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பழைய டேப்புகளையெல்லாம் சிடியைவிட நுணுக்கமான ஹை-ரெஸ் தரத்தில் மறுபடி எடுக்கலாம், வித்தியாசம் யாருக்கும் கேட்கும் என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்தார். அவருக்கு இரண்டு வருட வேலை அது. அங்கேயே வேலை பார்க்கும் மைத்துனன், மனைவியின் தம்பி, அதெல்லாம் கதை, சிடி தரத்துக்கு மேல் மனிதக் காதுக்கு எட்டாது என்றான். முதலாளி, “சோதிச்சுப் பாத்துடுவோம்” என்றுவிட்டார்.

நேற்று மைத்துனன்தான் சோதனையை நடத்தினான்; ஓடுவது ஹை-ரெஸ்ஸா சிடியா என்று காதால் மட்டுமே கேட்டுச் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து சொன்னார். மைத்துனனுக்கு மூக்குடைந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்த வேலைக்கு இன்று மாலை கையெழுத்து.

ஆனால் இரண்டாவது தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது, ஹை-ரெஸ் ஒரு நூல் சத்தமாக ஓடுகிறது. எதுவுமே சத்தம் கூடினால் நன்றாகத்தான் கேட்கும். அதனால் ஒப்பிடுமுன் மீட்டர் வைத்து இரண்டையும் சமமாக்குவது தொழிலின் அரிச்சுவடி. மைத்துனன் அவசரத்தில் மறந்துவிட்டான். இவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே மிச்ச எட்டையும் தாண்டினார்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சத்தம் சமமாக இருந்தால் கேட்டிருக்குமா?

மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். தனியாகச் சோதிக்கலாம் என்று நினைத்தால், மைத்துனன் ஹெட்போனோடு கண்மூடி உட்கார்ந்திருந்தான்.

“மன்னிச்சிடுங்க மாமா. இப்ப எனக்கும் கேக்குது. பாடுறவங்க மூச்சு விடறதுகூடத் தனியாத் தெரியுது.”

அவர் மீட்டரைப் பார்த்து அந்த நூலளவு சத்தத்தை இறக்கினார். எது ஓடுவதென்று கம்ப்யூட்டரையே குலுக்கிப் போடவிட்டு, ஆளுக்கொரு ஹெட்போனும் காகிதமுமாக உட்காரச் சொன்னார். பத்துத் தடவை கேட்டார்கள். மைத்துனனுக்கு நாலு சரி, அவருக்கு அஞ்சு. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

மைத்துனன் காகிதங்களையே பார்த்தான். “அப்ப நேத்து?”

“நீ சத்தத்தை சமம் பண்ணல மாப்ள. எனக்குக் கேட்டது அது மட்டும்தான். தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு இருந்தேன்.”

மைத்துனன் மீட்டரை எட்டிப் பார்த்தான். “அரை டெசிபல்கூட இல்லையே மாமா. இதையா புடிச்சீங்க?”

அவன் குரலில் கோபமே இல்லை, வியப்புதான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு, கேட்காததைக் கேட்டதாகச் சொல்லிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

மறந்தது தான்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிடுவதாக மைத்துனன் சொன்னான். பாம்புக்காது அதைக் கேட்கவில்லை. போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து முதல் தடவையாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.